பழைய வண்டியின் விலையில் யாருக்குப் பங்கு?

2018 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் மான்டரேயில் நடந்த ஓர் ஏலத்தில், 1962-ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஃபெராரி 250 ஜிடிஓ கார் ஒன்று 4 கோடியே 84 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. அவ்வகைக் கார்கள் மொத்தம் 36 மட்டுமே செய்யப்பட்டன. 2022 மே மாதத்தில் மெர்சிடிஸ் நிறுவனம் தன்னிடம் இருந்த 300 எஸ்எல்ஆர் ஊலன்ஹாட் கூப்பே கார் ஒன்றை 13 கோடியே 50 இலட்சம் யூரோவுக்கு விற்றது. அது உலகில் இரண்டே இரண்டு உள்ள கார். இத்தகைய செய்திகளைப் படிக்கையில், 'அரிய பொருள், ஆசைப்படுவோர் பலர், ஆகவே விலை' என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். அந்த விளக்கத்தில் ஒருவர் விடுபட்டுப் போகிறார் என்பதே இப்பதிவில் நான் சொல்ல விரும்புவது.

பெங்களூரின் பழுதுபார்ப்புத் தொழில் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். ஆனால் இப்பதிவு என் ஆய்வேட்டின் பகுதி அன்று. சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை விற்றோம். அந்த விற்பனையைச் சுற்றி என் அம்மா எழுப்பிய ஒரு கேள்விக்கு, நான் படித்த நூல்களில் நேரடியான விடை கிடைக்கவில்லை. அந்தக் கேள்வியைத்தான் இங்கே எடுத்து வைக்கிறேன். பதிவு நீண்டுவிட்டது, பொறுத்தருள்க.

முதலில், ஸ்போர்ட்ஸ் கார் பற்றிப் பேசத் தொடங்கி மோட்டார் சைக்கிளுக்கு ஏன் வருகிறேன் என்பதைச் சொல்ல வேண்டும். 1980களின் இந்தியாவில் நடுத்தரக் குடும்பத்து இளைஞர் வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் என்று எதுவும் கிடையாது. சாலையில் அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஓடின. 1983 இறுதியில் மாருதி 800 வந்தது. 1990களின் பிற்பகுதியில் பெங்களூரைச் சேர்ந்த சான் குழுமம், ரெனோவின் 1.2 லிட்டர் இன்ஜினைப் பொருத்தி, 'ஸ்டார்ம்' என்ற இருவர் அமரும் திறந்த கார் ஒன்றைக் கொண்டுவந்தது. அதை வாங்கியோர் மிகச் சிலரே. வேகத்தின் மீது ஆசை கொண்ட அந்தத் தலைமுறைக்கு வாய்த்தது ஜப்பானியக் கூட்டுறவில் வந்த மோட்டார் சைக்கிள்தான். எண்பதுகளின் நடுவில் சுசுகி, ஹோண்டா, யமஹா, கவாசாகி ஆகிய நான்கு நிறுவனங்களும் இந்தியக் கூட்டாளிகளோடு 100 சிசி வண்டிகளைக் கொண்டுவந்தன. அவற்றுள் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தோடு யமஹா செய்த ஆர்எக்ஸ்100 தான் இன்று பிரியர்களிடையே விலை ஏறி நிற்கும் வண்டி.

ஆர்எக்ஸ்100 வண்டி 1985 முதல் 1996 வரை தயாரானது. சிலிண்டரின் விட்டம் 50 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 50 மி.மீ.; ஆக 98 சிசி. திறன் 11 குதிரை. எடையோ ஏறத்தாழ 100 கிலோதான். எடைக்கும் திறனுக்கும் இடையிலான இந்த விகிதம்தான் அதன் பெயரை நிலைநிறுத்தியது. அதற்கு முன்பே, 1983-இல், எஸ்கார்ட்ஸ் 'ராஜ்தூத் 350' என்ற பெயரில் யமஹாவின் ஆர்டி350 வண்டியை இறக்கியிருந்தது. இரட்டைச் சிலிண்டர், 347 சிசி, ஆறு கியர். அன்று அது விற்பனையில் தோற்றது. பெட்ரோலைக் குடிக்கிறது என்றும் பராமரிக்க முடியாது என்றும் ஒதுக்கப்பட்டு, அந்தப் பத்தாண்டோடு அதன் கதை முடிந்தது. மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை செய்த யெஸ்டி வண்டிகளும் 1996-இல் நின்றுபோயின. இம்மூன்றும்தாம் இன்று பெங்களூரின் பழைய வண்டிப் பிரியர்களிடையே அதிகம் பேசப்படுபவை. அரிதாக இருப்பது மட்டுமே விலையைத் தீர்மானிக்குமானால், இவற்றைவிடப் பன்மடங்கு அரிதான ஸ்டார்ம் காரைப் பற்றித்தான் பேச்செல்லாம் இருக்க வேண்டும். நான் பழகிய வட்டாரங்களில் அப்படி இல்லை. காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

எங்கள் வண்டி 1993-ஆம் ஆண்டு ஆர்எக்ஸ்100. ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த அப்பா, வருங்கால வைப்பு நிதியில் கடன் எடுத்து அதை வாங்கினார். அல்சூரில் எங்கள் வீட்டுச் சந்து குறுகலானது. அவர் முனை திரும்பும்போதே ஓசையை வைத்து அடுப்பில் தோசைக்கல்லை ஏற்றுவது அம்மாவின் வழக்கம். 2008-இல் பதினைந்து ஆண்டுப் பதிவுக் காலம் முடிந்தபோது வண்டியை விற்றுவிடப் பேச்சு எழுந்தது. குஜிரிக்காரர் ஒருவர் வந்து பார்த்து 4,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். (பெங்களூரில் பழைய இரும்புச் சந்தைக்குக் குஜிரி என்று பெயர். சென்னைக்குப் புதுப்பேட்டை எப்படியோ, இங்கே சிவாஜிநகர்க் குஜிரி அப்படி.) அப்போது வண்டியைக் கொடுக்க விடாமல் தடுத்தவர் சிவாஜிநகரில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக். நாங்கள் அவரை பாய் என்றே அழைப்போம். "அண்ணே, இரும்பு விலைக்குப் போடாதீங்க. நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிப் பதிவைப் புதுப்பிக்க வைத்தார். 2017-இல் அப்பா காலமானார். படிவம் 31 நிரப்பி வண்டியை அம்மா பெயருக்கு மாற்றினோம். சென்ற ஆண்டு அதே வண்டிக்கு ஒருவர் தர முன்வந்த விலை 1,10,000 ரூபாய்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பணவீக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் இது பெருஞ்செல்வம் ஒன்றும் அன்று. அப்பா கொடுத்த பணத்தை வங்கி வைப்பில் போட்டிருந்தால் அதுவும் வளர்ந்திருக்கும். ஒப்பிட வேண்டியது அதனோடு அன்று, அதே ஆண்டில் எங்கள் தெருவில் வாங்கப்பட்ட மற்ற வண்டிகளோடுதான். அவை அனைத்தும் எடைக்குப் போய்விட்டன. ஒன்றுக்குச் சுழியமும் மற்றொன்றுக்கு ஒரு இலட்சத்துக்கு மேலுமாக விலை பிரிந்தது எங்கே என்பதே கேள்வி. அப்பா கணக்கில் கறாரானவர். வண்டிக்குச் செய்த ஒவ்வொரு செலவையும் ஒரு நீல அட்டை நோட்டில் எழுதி வைத்தார். அவருக்குப் பின் அம்மா தொடர்ந்தார். அதைக் கூட்டிப் பார்த்தேன். பெட்ரோல், காப்பீடு நீங்கலாக, பழுதுபார்த்த செலவு மொத்தம் 84,000 ரூபாய்க்குச் சற்றுக் கூடுதல். அதில் உதிரிப் பாகங்களுக்குப் போக, பாயின் கூலியாகக் கொடுக்கப்பட்டது 33,000 ரூபாய். முப்பது ஆண்டுகளுக்கான கூலி அது.

பொருள்களின் மதிப்புக் குறித்து எழுதியவர்களில் மைக்கேல் தாம்சன் எனக்கு முக்கியமானவர். 1979-இல் வெளிவந்த 'ரப்பிஷ் தியரி' என்னும் நூலில், பொருள்களை அவர் மூன்று நிலைகளில் வைத்துப் பார்க்கிறார். ஒன்று, நாளுக்கு நாள் மதிப்புக் குறைந்துவரும் நிலை. மற்றொன்று, நாளுக்கு நாள் மதிப்புக் கூடும் நிலை. முதல் நிலையிலிருந்து பொருள் நேராக அடுத்ததற்குத் தாவ முடியாது. இடையில் மதிப்பே இல்லாத குப்பை நிலை ஒன்றைக் கடந்தாக வேண்டும். யாரும் பொருட்படுத்தாமல் அங்கே கிடக்கும் பொருளைப் பின்னர் எவரோ ஒருவர் கண்டெடுக்கும்போது அது 'நிலைத்த' பொருளாகிறது. ஆர்டி350 வண்டிக்கு நேர்ந்தது அப்படியே இதுதான். வந்த காலத்தில் வேண்டாத வண்டி. பிறகு கொட்டகையில் துரு ஏறிய வண்டி. இப்போது, நல்ல நிலையில் இருந்தால், புதிய வண்டிகள் பலவற்றைவிட விலை கூடிய வண்டி.

தாம்சனின் கோட்பாடு ஓர் ஓவியத்துக்கோ பீங்கான் கிண்ணத்துக்கோ தங்கு தடையின்றிப் பொருந்தும். அவை குப்பை நிலையில் பரணில் கிடந்தாலும் பெரிதாகக் கெடுவதில்லை. இன்ஜின் அப்படிப்பட்டதன்று. இரண்டு மழைக்காலம் ஓடாமல் நின்றால் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும், பெட்ரோல் டாங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கும், ரப்பர்கள் வெடிக்கும். குப்பை நிலையிலும் ஒருவர் அதைத் தொட்டுக்கொண்டே இருந்தால்தான் அது மறுகரை சேரும். ஏறத்தாழ 1998 முதல் 2012 வரை, ஆர்எக்ஸ் வண்டிக்கு மதிப்பில்லாத காலத்தில், அதைத் தொட்டுக்கொண்டிருந்தவர்கள் யார்? பால்காரர், கேபிள் டிவி இணைப்புக் கொடுப்பவர், புதிய வண்டி வாங்க வசதியில்லாத எங்கள் அப்பாவைப் போன்ற தொழிலாளி ஆகியோர் ஒருபுறம். அவர்களின் சக்திக்கேற்பக் கூலி வாங்கிய மெக்கானிக்குகள் மறுபுறம். இன்றைய பிரியர்கள் இந்தக் கதையில் வந்து சேர்ந்தது அதற்குப் பின்னர்தான்.

அந்த வேலை எத்தகையது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்து எரிவதால் சைலன்சரின் உட்குழலில் கரி படியும். அதை அவ்வப்போது எரித்துச் சுரண்டி எடுக்க வேண்டும். கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் இடையில் உள்ள ரீட் வால்வின் மெல்லிய இதழ்கள் தேய்ந்தால் வண்டி நின்ற இடத்தில் தடுமாறும். சிலிண்டர் தேய்ந்தால் லேத்தில் கொடுத்துக் கால் மி.மீ. கூட்டிக் கடைய வேண்டும். 50 மி.மீ. விட்டம் 50.25 ஆகும், பிறகு 50.50, 50.75, 51. அதற்கு மேல் போக வழியில்லை, உள்உறையையே மாற்ற வேண்டும். ஆகவே ஒவ்வொரு கடைசலும் வண்டியின் ஆயுளில் ஒரு பகுதியைச் செலவழிப்பது. நல்ல மெக்கானிக் கடையாமல் தள்ளிப்போடவே பார்ப்பார். எங்கள் வண்டி முப்பது ஆண்டுகளில் இரண்டு முறைதான் கடையப்பட்டிருக்கிறது. மிகக் கடினமானது கிராங்க் ஷாஃப்ட் வேலை. அதன் இரு பாதிகளையும் அழுத்தியில் பிரித்து, புதிய கனெக்டிங் ராடு ஏற்றி, மீண்டும் கூட்டி, மயிரிழை கோணாமல் நேர்நிறுத்த வேண்டும். பாய் அதைச் செம்புச் சுத்தியலால் தட்டித் தட்டி, டயல் கேஜின் முள்ளைப் பார்த்தபடி செய்வார். எந்தப் பக்கம் எவ்வளவு தட்டுவது என்பதை எந்தக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை.

இந்த வேலைக்குத்தான் 33,000 ரூபாய். ஆனால் பாயின் பங்கு அதோடு முடிவதில்லை. பழைய வண்டிச் சந்தையைப் பற்றிப் பேசும் எந்தப் பொருளாதார மாணவரும் ஜார்ஜ் அகர்லோஃபை நினைக்காமல் இருக்க முடியாது. 'தி மார்க்கெட் ஃபார் லெமன்ஸ்' என்ற அவரது 1970-ஆம் ஆண்டுக் கட்டுரை பழைய கார்ச் சந்தையையே எடுத்துக்காட்டாகக் கொண்டது. 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் அக்கட்டுரைக்குப் பெரும்பங்கு உண்டு. வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லா வண்டிக்கும் சராசரி விலையே தர முன்வருவார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமின்றிச் சந்தையிலிருந்து விலகுவார். இறுதியில் சந்தையில் மோசமான வண்டிகளே மிஞ்சும் என்பது அவர் வாதத்தின் சாரம். புதிய வண்டிகளுக்கு நிறுவனத்தின் உத்தரவாதம் இச்சிக்கலைத் தீர்க்கிறது. 1996-இல் உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு உத்தரவாதம் தருபவர் யார்?

எங்கள் வண்டியைப் பார்க்க வந்தவர் மென்பொருள் துறையில் பணிபுரிபவர். விவரம் அறிந்தவர், பண்பானவர். கைவிளக்கு அடித்துச் சட்டகத்தில் எண் '1எல்1' என்று தொடங்குகிறதா, இன்ஜின் எண்ணோடு பதிவுச் சான்றிதழ் ஒத்துப்போகிறதா என்று பார்த்தார். பின்னால் வந்த ஆர்எக்ஸ்135 வண்டியின் சிலிண்டரை மாற்றிப் பொருத்தியிருக்கிறார்களா என்று ஆராய்ந்தார். எத்தனையாவது கடைசல் என்று கேட்டார். அம்மா நோட்டைக் காட்டினார். அதன் பிறகும் அவர் முகத்தில் ஐயம் போகவில்லை, 85,000 என்றார். வண்டியைப் பார்த்தவர் யார் என்று பேச்சுவாக்கில் கேட்டபோது பாயின் பெயரைச் சொன்னோம். உடனே அவர் பாயைத் தொலைபேசியில் அழைத்தார். நான்கு நிமிடப் பேச்சு. வைத்ததும், "ஒன்று பத்துக்கு முடித்துக்கொள்வோம் அம்மா" என்றார். அந்த நான்கு நிமிடத்தின் விலை 25,000 ரூபாய். அகர்லோஃபின் சந்தையில் இல்லாத உத்தரவாதத்தை பாய் வாய்மொழியாகக் கொடுத்தார். வண்டித் தரகருக்கு வழக்கமான கமிஷன் உண்டு. உத்தரவாதம் தந்தவருக்கு ஒரு தேநீர்கூட எங்கள் கணக்கில் இல்லை. ஸ்டார்ம் காரைச் சுற்றி ஏன் இப்படியொரு சந்தை உருவாகவில்லை என்பதற்கும் இதிலேயே விடை இருப்பதாக நினைக்கிறேன். ஒரு வண்டி அரிதாக இருந்தால் போதாது. அதை அறிந்த கைகள் ஊருக்கு ஊர் இருக்க வேண்டும்.

விலையை உருவாக்குவதில் அரசுக்கும் பங்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. டெல்லியில் பதினைந்து ஆண்டைக் கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் பத்து ஆண்டைக் கடந்த டீசல் வண்டிகளுக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது. அண்மையில் அத்தடையின் கடுமை மீண்டும் விவாதத்துக்கு வந்திருக்கிறது. ஆயினும் ஒரே வண்டி அங்கே சுமையாகவும் இங்கே சொத்தாகவும் இருக்க இத்தகைய விதிகள் காரணமாயின. மற்ற ஊர்களில் பதினைந்து ஆண்டுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கலாம். அதற்கான கட்டணம் இருசக்கர வண்டிக்கு 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1,000 ஆயிற்று, இருபது ஆண்டைக் கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 2,000 ஆயிற்று. ஐம்பது ஆண்டைக் கடந்து மூல வடிவம் மாறாதிருக்கும் வண்டிகளுக்கு 'விண்டேஜ்' என்ற தனிப்பதிவும் 2021-இல் வந்தது. முதல் ஆர்எக்ஸ்100 அந்த வயதை எட்டுவது 2035-இல். மூல வடிவம் மாறக்கூடாது என்று விதி சொல்கிறது. அதுவரை அதை மாறாமல் காப்பவர் யார் என்பது விதியின் கவலை அன்று.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். முதலாவது, டூ-ஸ்ட்ரோக் வண்டி எரியாத பெட்ரோலைக் கணிசமாகப் புகையோடு வெளியேற்றுவது. அதன் காலம் முடிந்ததே நன்று, அதற்கு ஏன் இத்தனை உருக்கம் என்பது. நியாயமான மறுப்பு. எல்லோரும் நாள்தோறும் இவற்றை ஓட்ட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. ஞாயிறு காலையில் நந்தி மலை வரை போய்வரும் சில நூறு வண்டிகளைப் பற்றியும், அவற்றுக்குப் பின்னால் உள்ள உழைப்பைப் பற்றியுமே பேசுகிறேன். இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. பாய் செய்த வேலைக்குக் கூலி பெற்றுவிட்டார்; வண்டியை விற்காமல் வைத்திருந்த இடர் உங்கள் குடும்பத்துடையது; ஆகவே விலை உயர்வும் உங்களுக்கே என்பது. என் வழிகாட்டும் பேராசிரியர் இதைத்தான் கேட்டார்.

இந்த மறுப்புக்கு நம் சட்டத்துக்குள்ளேயே ஒரு மாற்றுப் பார்வை இருக்கிறது. ஓவியர் ஒருவர் வறுமையில் சொற்ப விலைக்கு விற்ற படம் பின்னாளில் இலட்சங்களுக்கு மறுவிற்பனையானால், அந்த விலையில் அவருக்குப் பங்கு உண்டு என்ற கொள்கையை 1920-இல் பிரான்சு சட்டமாக்கியது. இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், 1994 திருத்தத்தின் வழியாக, 53ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஓவியம், சிற்பம், மூலக் கையெழுத்துப்படி போன்றவற்றின் மறுவிற்பனை விலை 10,000 ரூபாயைத் தாண்டினால் படைப்பாளிக்குப் பங்கு உண்டு. அப்பங்கு பத்து விழுக்காட்டுக்கு மிகக்கூடாது. ஓவியரும் முதல் விற்பனையிலேயே விலையைப் பெற்றவர்தான். இருந்தும் சட்டம் அவருக்கு இரண்டாவது உரிமையைத் தருகிறது. காரணம், பிற்கால விலையில் அவருடைய கை தொடர்ந்து இருக்கிறது, முதல் விலையோ அவர் பேரம்பேச வலுவில்லாதபோது தீர்மானிக்கப்பட்டது. இவ்விரண்டும் பாய்க்கும் பொருந்துகின்றன. 4,000 ரூபாய் வண்டிக்கு ஏற்ற கூலியை அவர் வாங்கினார். அந்தக் கூலியில் செய்த வேலைதான் ஒரு இலட்சத்துப் பத்தாயிரமாக நின்றது. ஆனால் சட்டத்தின் கண்ணில் பழுதுபார்ப்பவர் படைப்பாளி அல்லர். ஒரு பொருளை உண்டாக்குவது படைப்பு, அதை அழியாமல் காப்பது சேவை என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம்.

யெஸ்டியின் கதையும் இதே கேள்விக்குத்தான் வருகிறது. மைசூர் ஆலை மூடப்பட்ட பின், அப்பெயர் ஆலையை நிறுவிய குடும்பத்துக்கு உரியதா, கலைக்கப்பட்ட நிறுவனத்துக்கு உரியதா என்ற வழக்கு கர்நாடக உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஆலை இல்லை, வண்டி இல்லை. பெயருக்கு மட்டும் மதிப்பு இருந்தது. கால் நூற்றாண்டுக் காலம் எந்த விளம்பரமும் இல்லாமல் அந்தப் பெயர் சாலையில் ஓடிக்கொண்டிருந்ததற்கு, பழைய யெஸ்டிகளை ஓடவைத்த பட்டறைகளே காரணம். 2022-இல் அந்தப் பெயரில் புதிய வண்டிகள் வந்தன. பெயருக்கு உரிமை கோரியவர்கள் வரிசையில் பட்டறைக்காரர் எவரும் இல்லை. அவர்கள் கோர வழியும் இல்லை.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பணம் கைக்கு வந்த அன்றிரவு அம்மா நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "இதுல பாய்க்கு எவ்வளவு?" என்று கேட்டார். அதுதான் நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட கேள்வி. பேராசிரியரின் மறுப்பை நான் சொன்னேன். சட்டப் பிரிவையும் சொன்னேன். பத்து விழுக்காடு என்பது அம்மாவுக்குப் புரிந்தது. 11,000 ரூபாயை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு சிவாஜிநகர் போனோம். பாய் முதலில் சிரித்தார். "அக்கா, கூலி அன்னைக்கே வாங்கிட்டேனே" என்றார். அம்மா விடவில்லை. "கூலி கொடுத்தது அவரு. இது வண்டி கொடுக்கிறது" என்றார். பாய் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு உறையை வாங்கினார். பிரித்து எண்ணிப் பார்த்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "பாப்பா, போன வருஷம் மட்டும் என்கிட்ட கேட்டுட்டு ஒன்பது வண்டி கைமாறியிருக்கு. ஒருத்தரும் இப்படி வரல. நானும் கேட்டதில்ல. கேட்கலாம்போல இருக்கே" என்றார். நன்றி என்ற சொல் இரு தரப்பிலும் வரவில்லை. அது நன்கொடை அல்லவாதலால் வர வேண்டிய தேவையும் இல்லை.

அவருடைய பட்டறையில் முன்பு நான்கு பையன்கள் வேலை கற்றார்கள். இப்போது ஒருவரும் இல்லை. அவருடைய மூத்த மகன் வாடகைக் கார் ஓட்டுகிறார்; இளையவர் உணவு விநியோகம் செய்கிறார். ஒரு நாள் விநியோகத்தில் கிடைக்கும் பணம் பழகுநருக்குப் பட்டறையில் கிடைக்காது, எனவே அவர்களைக் குறை சொல்ல முடியாது. கிராங்க் ஷாஃப்ட்டை நேர்நிறுத்தக் கற்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும் என்கிறார் பாய். அத்தனை காலம் ஒருவர் அங்கே நிற்க வேண்டுமானால், அந்தக் கல்விக்குப் பின்னால் ஒரு வருமானம் தெரிய வேண்டும். வண்டியின் விலை ஏறிக்கொண்டே போக, அதை ஓடவைக்கும் அறிவின் விலை நின்ற இடத்திலேயே நின்றால், ஒரு நாள் வண்டி மட்டும் மிஞ்சும். ஓடாத ஆர்எக்ஸ்100-க்கும் ஒரு விலை இருக்கும். ஆனால் அது கூடத்தில் நிறுத்தி வைக்கும் பொருளின் விலை. மான்டரே ஏலத்துக் கார்களுக்குப் பின்னால்கூடத் தேர்ந்த சீரமைப்புப் பட்டறைகள் உண்டு. அங்கே கூலி அந்தக் காரின் மதிப்பை அறிந்து வாங்கப்படுகிறது. இங்கே அந்தக் கணக்கு இன்னும் தொடங்கவில்லை.

இதற்குச் சட்டம் வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பத்து விழுக்காடு என்பதும் வேதவாக்கு அன்று, ஐந்தாகவும் இருக்கலாம். தரகருக்குக் கமிஷன் கொடுப்பதும் எந்தச் சட்டத்தாலும் வந்ததன்று. கொடுத்துக் கொடுத்து வழக்கமானது. பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் இப்பதிவைப் படிப்பவர்களிலும் சிலர் இருப்பீர்கள். விற்கும் நாளில், விலை பேசி முடித்த பிறகு, அதை இத்தனை காலம் ஓடவைத்தவரின் பெயரையும் கணக்கில் ஒரு வரியாக எழுதுங்கள். ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பெங்களூரிலோ கோவையிலோ மதுரையிலோ, உங்கள் ஊர்ப் பட்டறை ஒன்றில் இத்தகைய கணக்கு நோட்டு யாரிடமாவது இருந்தால் அதைப் பாருங்கள், படியெடுத்து வையுங்கள். ஒரு வண்டியின் விலை எப்படி உருவாகிறது என்பதற்கு அதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.